"ஏன், நேத்து நல்லா இல்லையா?"

அந்தத் தம்பதி என்னிடம் வந்தது மகனுக்காக. பையன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் சமையலறைக்கு வந்து நின்றது. "இவர் வாயிலிருந்து பதினாறு வருஷத்துல ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல" என்றார் மனைவி.

கணவர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்கேன் மேடம். கல்யாணமான புதுசுல, வத்தக்குழம்பு பிரமாதம்னு சொன்னேன். 'ஏன், நேத்து வச்சது நல்லா இல்லையா?'ன்னு கேட்டா. இன்னொரு தடவை சொன்னப்போ, 'எதுக்கு இப்ப அடி போடுறீங்க?'ன்னா. அதோட விட்டுட்டேன்."

மனைவிக்கு அது நினைவிலேயே இல்லை. "விளையாட்டுக்குத்தானே சொல்லியிருப்பேன்" என்றார், குரல் இறங்கி.

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மனநல ஆலோசகராக நான் அதிகம் கேட்கும் புகார்களில் இது ஒன்று: "பாராட்டவே மாட்டேங்கறாங்க." கொஞ்சம் கிளறினால், பல வீடுகளில் பாராட்டு ஒருகாலத்தில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நின்றுபோயிருக்கும்.

நானும் இதில் யோக்கியம் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் தெரிந்த பெண்மணி, "புடவை ரொம்ப நல்லாருக்கு மேடம்" என்றார். "ஐயோ, இது பழசுங்க, ஆடித் தள்ளுபடியில எடுத்தது" என்று விலை வரைக்கும் ஒப்பித்துவிட்டேன். அவர் முகம் லேசாகச் சுருங்கியது. புடவையோடு சேர்த்து அவருடைய ரசனையையும் தள்ளுபடியில் போட்டுவிட்டேன் என்பது பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அடக்கம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கண் திருஷ்டி பயமும் சேர்ந்துகொள்ளும். யாராவது குழந்தையைப் புகழ்ந்தால் பாட்டி உப்பும் மிளகாயும் எடுக்கப் போய்விடுவார். சுற்றிப் போடட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. அந்த நல்ல வார்த்தை குழந்தையின் காதில் விழுந்த பிறகு சுற்றிப் போட்டால் போதும்.

ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடல், யாரை எப்போது புகழ வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசிரியரை எங்கேயும், மனைவியைப் பஞ்சணையில், வேலையாளை வேலை முடிந்ததும், பிள்ளைகளை நெஞ்சுக்குள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கடைசி ஒன்றை மட்டும் நம் அப்பாக்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடையில் மகனின் மார்க்கைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார், வீட்டுக்கு வந்ததும், "மீதி நாலு மார்க் எங்க போச்சு?" என்பார். முப்பது வயதில் என் முன்னால் உட்கார்ந்து, "அப்பா என்னப் பத்திப் பெருமையா பேசினார்னு ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரியும்" என்று அழுதவர்கள் உண்டு.

சரி, நெஞ்சுக்குள் இருப்பதை வெளியே எடுத்தால் எப்படிச் சொல்வது? "நீ புத்திசாலிடா" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளாடியா முல்லர், கேரல் டிவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரை அறிவுக்காகவும் இன்னொரு பிரிவினரை உழைப்புக்காகவும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் தடுமாறியதும், புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள்தான் அதிகம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைப் பற்றி எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்குக் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! "அந்தக் கணக்கு வரலன்னதும் வேற வழியில போட்டுப் பாத்தியே, அது நல்லாருந்தது" என்று, செய்ததைச் சொன்னால் பிள்ளைக்கு அடுத்த முறை பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடம்பைப் பாராட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். விடுதியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்த ஒரு மாணவியிடம் பார்த்தவர்களெல்லாம், "மெலிஞ்சு சூப்பரா ஆயிட்ட" என்றார்கள். காலைச் சாப்பாட்டை விட்டிருந்தவள் இரவுச் சாப்பாட்டையும் விட்டாள். எடை குறைந்ததற்குக் காரணம் துக்கமாக இருக்கலாம், நோயாக இருக்கலாம். "பாத்து ரொம்ப நாளாச்சு, சந்தோஷமா இருக்கு" என்றாலே போதுமே.

அந்தத் தம்பதிக்கு வருகிறேன். மகனுக்கான சிகிச்சை தனியாக நடக்கிறது. இவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அவர் வாரத்துக்கு இரண்டு முறை, உண்மையிலேயே பிடித்ததை மட்டும் சொல்ல வேண்டும். அவர் சொன்னதும் மனைவி "சந்தோஷங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "அவ்வளவுதானா மேடம்?" என்று சிரித்தார். அவ்வளவுதான், ஆனால் சுலபமில்லை என்றேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். "ரசம் நல்லாருக்குன்னார். 'சந்தோஷங்க'ன்னு சொல்லிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன் மேடம். நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு, நேத்து ரசம் என்னாச்சுன்னு."

"அப்புறம்?"

"பக்கத்துல சாப்பிட்டுக்கிட்டிருந்த பையன் தட்டுலேர்ந்து தலையத் தூக்கி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். 'என்னாச்சு, சண்டையா?'ன்னு கேக்கறான்."