கரையிறக்கு கப்பல்

போன வாரம் இரவுச் செய்தியில் இந்தியக் கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ். ஜலஷ்வாவின் படத்தைக் காட்டி, "நீர்நிலவாழ் தாக்குதல் கப்பல்" என்று வாசித்தார்கள். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி, "கப்பல் எப்படிப்பா நிலத்துல வாழும்?" என்று கேட்டார். இந்தச் சொல்லைப் பல வருடங்களாகச் செய்தித்தாளிலும் போட்டித்தேர்வுக் கையேடுகளிலும் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் பொருமியிருக்கிறேன். ஆனால் அதன் குறையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் இது 'ஆம்பிபியஸ் அசால்ட் ஷிப்'; 'அசால்ட்' என்றால் தாக்குதல். 'ஆம்பிபியஸ்' என்பதில் உள்ள 'ஆம்பி' கிரேக்கத்தில் 'இருபுறமும்'. 'பியோஸ்' என்றால் வாழ்வு. தவளை, தேரை மாதிரி நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்களுக்கு வந்த பெயர். பிற்பாடு படைத்துறை அதை எடுத்து, கடலிலிருந்து கரைக்குப் படையை இறக்கிச் செய்யும் போர்முறைக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தப் பொருள் நிலைத்துவிட்டது. மூலச்சொல் பற்றித் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

நம்மவர்கள் மொழிபெயர்க்கும்போது இந்த இரண்டாவது பொருளைப் பார்க்கவில்லை. அகராதியைத் திறந்தார்கள், தவளை இருந்தது, தவளையையே எடுத்துக் கப்பல் மேல் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் 'நீர்நில வாழ்வன' என்றும் 'இருவாழ்விகள்' என்றும் படித்த சொற்கள் தயாராகக் கிடந்தன. அவை உயிரியலுக்கு அருமையான சொற்கள், குறையே சொல்ல முடியாது. கப்பல் எதிலும் வாழ்வதில்லை. அதுவும் ஜலஷ்வா வகைக் கப்பல் மணலைத் தொடுவதுகூட இல்லை. கரையிலிருந்து தள்ளி ஆழமான தண்ணீரில் நின்றுகொள்ளும்.

இலக்கணமும் இடிக்கிறது. 'வாழ்' என்பது வினைத்தொகையாக நின்றால், அடுத்து வரும் பெயர்தான் வாழ்கிறது என்று பொருள். 'நீர்நிலவாழ் உயிரி' என்றால் வாழ்வது உயிரி. 'நீர்நிலவாழ் தாக்குதல்' என்றால் வாழ்வது தாக்குதல்! மூலத் தொடரில் அந்த அடைமொழி கப்பலைச் சேர்ந்ததே இல்லை. அது தாக்குதலைச் சேர்ந்தது. கடல்வழியாக வந்து கரையில் இறங்கித் தாக்குவது ஒரு முறை. அந்த முறைக்காகக் கட்டிய கப்பல் இது. எந்த அடை எந்தப் பெயரோடு சேரும் என்று பார்க்காமல் இடமிருந்து வலமாகச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

மற்ற மொழிகள் எல்லாம் தவளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்யர்கள் இவ்வகைக் கப்பலை 'தெசாந்த்' கப்பல் என்கிறார்கள். பிரெஞ்சில் 'இறங்குதல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அது. ஜெர்மானியச் சொல்லிலும் 'கரையிறங்குதல்' தான் இருக்கிறது. ஜப்பானியர் எழுதும் 'யோரிகு' என்பதற்கும் கப்பலிலிருந்து தரைக்கு இறக்குவது என்றே பொருள். சீனர்கள் மட்டும் 'இரு வாழிடம்' என்ற கருத்தை வைத்திருக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு அது பழகிவிட்டது. நமக்குப் பழகவில்லை, என் அம்மாவே சாட்சி.

அடுத்து 'ஈரூடகத் தாக்குதல் கப்பல்'. ஈழத்தில் தவளைக்கு 'ஈரூடகவாழி' என்று பெயர். அதன் வழியாக வந்த சொல் இது. 'வாழ்' போய்விட்டதால் முந்தையதைவிட எவ்வளவோ மேல். நீர் ஓர் ஊடகம், நிலம் ஓர் ஊடகம் என்ற தர்க்கமும் சரிதான். சிக்கல் வேறு இடத்தில். இன்றைக்குத் தமிழ்நாட்டில் 'ஊடகம்' என்றால் பத்திரிகையும் தொலைக்காட்சியும்தான். ஒளி ஊடகத்தில் விலகுவதைப் படித்த பிள்ளைகள்கூடப் பள்ளியைத் தாண்டியதும் அந்தப் பொருளை மறந்துவிடுகிறார்கள். 'ஈரூடகத் தாக்குதல்' என்று தலைப்புப் போட்டால், இரண்டு தொலைக்காட்சிகள் சேர்ந்து யாரையோ திட்டின என்றுதான் பாதிப்பேர் நினைப்பார்கள். ஒரு சொல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, இன்றைய வாசகன் காதில் அது என்னவாக விழுகிறது என்பதும் கணக்கு. 'அசால்ட் கப்பல்' என்று அப்படியே எழுதிவிடலாமே என்பவர்களுக்கும் இதே பதில். பேச்சுத்தமிழில் 'அசால்ட்டா' என்றால் அலட்சியமாக என்று எப்போதோ ஆகிவிட்டது.

தூய்மைவாதம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கேப்டன், டன், ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் தாராளமாக எழுதுகிறவன் நான். எனக்கு வேண்டியது தெளிவு. கப்பலின் பெயரைக் கேட்டதும் அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

அப்படி என்னதான் செய்கிறது? ஜலஷ்வாவையே பார்க்கலாம். நீளம் சுமார் 173 மீட்டர், எடை முழுச் சுமையோடு ஏறத்தாழ 17,000 டன். மேலே ஹெலிகாப்டர் இறங்கும் தளம். உள்ளே பின்பக்கம் நீளமாக ஒரு பெரிய கூடம், அதில் நான்கு படகுகள் நிற்கும். கரைக்கு எதிரே வந்ததும் அடிப்பகுதித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவார்கள். பின்பக்கம் தாழும். பின்கதவைச் சாய்த்தால் கடல் உள்ளே வரும், கூடம் குளமாகும், படகுகள் மிதந்து வெளியேறும். வீரர்களையும் வண்டிகளையும் கரைக்குக் கொண்டுபோவது அந்தப் படகுகள்தான். கப்பல் நின்ற இடத்தில் நிற்கும்.

பழைய தூத்துக்குடியைத் தெரிந்தவர்களுக்கு இது புதிய காட்சியே இல்லை. கரையோரம் ஆழம் போதாது என்பதால், புதிய துறைமுகம் வருவதற்கு முன் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றிவந்து கரையில் இறக்கும். தோணியையும் வயிற்றுக்குள்ளேயே சுமந்து வரும் கப்பல் என்று ஜலஷ்வாவை நினைத்துக்கொள்ளலாம். நம் கடற்கரையில் இந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு வினை இருந்தது: இறக்குதல்.

இதிலிருந்துதான் 'கரையிறக்கு கப்பல்' என்கிறேன். 'கரையிறங்கு' என்று எழுதக் கூடாது. இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. இந்தக் கப்பல் தான் இறங்குவதில்லை, பிறரை இறக்குகிறது. வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' மிகாது; 'கரையிறக்குக் கப்பல்' என்று எழுதிவிடாதீர்கள்.

இந்தத் தன்வினை பிறவினை வேறுபாடு வெறும் இலக்கணச் சுத்தம் மட்டும் இல்லை, கப்பல்களைப் பிரிக்கவே உதவுகிறது. ஐ.என்.எஸ். மகர் என்று ஒரு கப்பல் இருந்தது. 1987-இல் பணிக்கு வந்து 2023 மே மாதம் கொச்சியில் ஓய்வு பெற்றது. அது வேறு வகை. அடிப்பாகம் தட்டையானது, நேராகக் கரையில் வந்து முகப்பை மணலில் ஊன்றி, முன்கதவைத் திறந்து டாங்கிகளை இறக்கும் வகை. மகர் என்றால் முதலை. ஆற்றங்கரையில் பாதி உடம்பை ஏற்றிப் படுத்திருக்கும் முதலையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். அது 'கரையேறு கப்பல்'. தானே ஏறுகிறது, தன்வினை. ஜலஷ்வா 'கரையிறக்கு கப்பல்', பிறவினை. மூல மொழியில் எழுத்துச் சுருக்கங்களை மனப்பாடம் செய்து வேறுபடுத்த வேண்டியதைத் தமிழ் ஒரு வினை விகற்பத்தில் சொல்லிவிடுகிறது. இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு தவளைக்குப் போவானேன்?

ஒரு நண்பர் மறுத்தார். கடலிலிருந்து வருகிறவன் கரை *ஏறுகிறான்*, எங்கே இறங்குகிறான் என்றார். நியாயமான கேள்வி. வண்டியிலிருந்து இறங்குவது போலக் கப்பலிலிருந்து இறங்குகிறான், இறங்கும் இடம் கரை. 'வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கரையிறங்கினான்' என்று எழுதுவதில் யாருக்கும் இடறவில்லை. அப்படியானால் 'கரையேற்று கப்பல்' என்றே வைக்கலாமே என்றார். கரையேற்றுவது என்றால் தமிழில் துன்பத்திலிருந்து மீட்பது. மூன்று பெண்களைக் கரையேற்றினார், கடனிலிருந்து கரையேறினான் என்று தினமும் பேசுகிறோம். படையை இறக்கும் கப்பலுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

'தரையிறக்கம்' பற்றியும் சொல்ல வேண்டும். ஈழப் போர்க்காலத்தில் வெற்றிலைக்கேணி (1991), குடாரப்பு (2000) ஆகிய கடலோர ஊர்களில் படை இறங்கியது பற்றிய எழுத்துகளில் வேரூன்றிய சொல் அது. உயிரோடு புழங்கிய சொல் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் இங்கே விமானம் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 'தரையிறங்கியது' என்றாலே ஓடுபாதைதான் கண்ணில் வருகிறது. 'கரை' என்று ஓரெழுத்தை மாற்றினால் கடல் வந்துவிடுகிறது.

சரி, 'தாக்குதல்' வேண்டுமா? முழுநீள விமானத் தளத்தோடு ஏறத்தாழ 40,000 டன் எடையில் இருக்கும் அமெரிக்க வாஸ்ப் வகைக்கு அதிகாரப்பூர்வப் பெயரிலேயே அது இருக்கிறது. 'கரையிறக்கத் தாக்குதல் கப்பல்' என்று எழுதிக்கொள்ளலாம். ஜலஷ்வாவின் வகைப்பெயரில் தாக்குதல் கிடையாது. எழுதுகிறவர்கள் தாங்களாகச் சேர்ப்பது. அசல் போரிலும்கூட முடிந்தவரை எதிரி இல்லாத கரையாகப் பார்த்துத்தான் இறக்கப் பார்ப்பார்கள். 1982 மே 21 அன்று, அர்ஜென்டினாவுடனான போரில், ஃபாக்லாந்துத் தீவுகளின் சான் கார்லோஸில் பிரிட்டிஷ் படை இறங்கியபோது கரையில் பெரிய எதிர்ப்பு இல்லை. அடி பெரும்பாலும் வானத்திலிருந்து வந்தது, கப்பல்கள் மேல் விழுந்தது.

ஜலஷ்வாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் தலைப்புச் சொல் மட்டுமல்ல, ஒவ்வொரு வினையும் தப்பாக வருகிறது. சியாட்டிலில் கட்டப்பட்டு, டிரென்டன் என்ற பெயரில் 1968-இல் 'ஏவப்பட்டது' என்கிறார்கள். ஏவுவது ராக்கெட்டை. கப்பலை நீரில் இறக்குவார்கள், நம் மீனவர்கள் வள்ளத்தை இறக்குவது போல. 1971 மார்ச்சில் 'ஆணையிடப்பட்டது' என்கிறார்கள். பணியில் சேர்ந்தது என்றால் முடிந்தது. 2007 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை அதைப் 'பணிநீக்கம்' செய்ததாம். திருடிய குமாஸ்தாவைச் செய்வது பணிநீக்கம். முப்பத்தைந்து வருடம் உழைத்த கப்பலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். இந்தியா அதைச் சுமார் 4.8 கோடி டாலருக்கு வாங்கி, அதே ஆண்டு ஜூனில் ஜலஷ்வா என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டது. விசாகப்பட்டினம் அதன் தளம்.

அது செய்த வேலைகளைப் பாருங்கள். 1991 ஜனவரியில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் அமெரிக்கத் தூதரகம் சிக்கிக்கொண்டபோது, டிரென்டனிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்கள் 400 மைலுக்கும் மேல் இரவில் பறந்து, வழியில் வானத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. அந்த நடவடிக்கையில் மொத்தம் 281 பேர் மீட்கப்பட்டார்கள். 2006-இல் லெபனான் போரின்போது பெய்ரூத்திலிருந்து மக்களை ஏற்றிவந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கு. மே மாதம் மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சிக்கு, ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து 680-க்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடிக்கு, ஜூலை முதல் நாள் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை மறுபடி தூத்துக்குடிக்கு. 'தாக்குதல்' என்று நாம் பட்டம் கட்டிவிட்ட கப்பல் ஆண்டாண்டாகச் செய்தது ஏற்றுவதும் இறக்குவதும்.

அந்த ஈரான் பயணத்தில் வந்த குமரி மாவட்ட மீனவர் ஒருவரை எனக்குத் தெரியும். கப்பலின் பின்கூடத்தைப் பற்றி அவரிடம்தான் முதலில் கேட்டேன். இரண்டு கையையும் தொட்டி மாதிரி சேர்த்துப் பிடித்து, விரல்களை மெல்லச் சாய்த்துக் காட்டினார். "பின்னாடி கதவைத் தாழ்த்தினா கடல் உள்ள வந்துருமாம். படகு தானா மிதந்து போயிருமாம். நாங்க வள்ளத்தை மணல்ல போட்டுத் தள்ளுத பாடு அவனுகளுக்கு இல்ல" என்றார். அந்தக் கூடத்துக்கு மொழிபெயர்ப்புகளில் 'கிணற்றுத் தளம்' என்று பெயர். கிணற்றில் நீர் ஊறும். நாம் நிரப்பித் திறந்துவிடுவது தொட்டி. அவர் கையே அதைச் சொன்னது. அன்றிலிருந்து நான் 'படகுத்தொட்டி' என்றுதான் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் என்ன நடந்தது என்றும் கேட்டேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "காலையில துறைமுகத்துல எங்கள எறக்கி விட்டாவ" என்றார்.