வெள்ளெழுத்து: 'முதுமைப்பார்வை' அல்ல

"நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான முதுமைப்பார்வைப் பரிசோதனை." திருகோணமலையில் கண் முகாம் என்றால் இந்த வரி வந்துவிடும். துண்டுப்பிரசுரத்தில் ஒரு தடவை, ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் இருபது தடவை. நாற்பத்து மூன்று வயதில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் ஒரு பெண் இதைக் கேட்டால் என்ன செய்வாள்? "அம்மா, உங்களுக்குத்தான் சொல்லுறாங்கள், போய்க் காட்டிக்கொண்டு வாங்கோ" என்று தாயை அனுப்பிவிட்டு, ஊசிக்காதில் நூல் போகாமல் தான் திணறிக்கொண்டிருப்பாள். அழைப்பு அவளுக்கு, போனது தாய். ஒரு பிழையான மொழிபெயர்ப்பு செய்யும் வேலை இது.

நாற்பதைத் தாண்டியதும் கிட்ட உள்ள பொடி எழுத்து தெரியாமல் போகிறதே, ஆங்கில வைத்தியத்தில் இதற்குப் பெயர் பிரெஸ்பியோப்பியா. கிரேக்கத்தில் 'பிரெஸ்பிஸ்' முதியவர், 'ஓப்ஸ்' கண். கிறிஸ்தவ சபைகளில் 'மூப்பர்' என்கிறோமே, அதன் கிரேக்க மூலமும் இதே வேரில் வந்ததுதான். சொல் வரலாறு இவ்வளவே. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், முதியவர் பிளஸ் கண் என்று கூட்டினார், 'முதுமைப்பார்வை' பிறந்தது. தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், 'வெள்ளெழுத்து' என்று சொல்லியிருப்பார்கள்.

வெள் + எழுத்து. 'வெள்' என்பதில் வெண்மையும் உண்டு, வெறுமையும் உண்டு. எழுதாத ஓலை வெள்ளோலை, சரக்கேற்றாமல் ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். எழுத்தாணியால் கீறிய ஓலையில் கரிமை தடவித் துடைக்கும்வரை எழுத்தும் ஓலையும் ஒரே நிறம். கீறல் இருக்கும், வாசிக்க வராது. வெள்ளெழுத்து வந்தவருக்கு மை தடவிய ஓலையும் அப்படித்தான் தெரியும். கறுப்பாக அச்சடித்தது வெளிறிப்போய், ஓரம் கரைந்து, தாளோடு கலந்து நிற்கும்.

இது வெறும் உவமை அல்ல. கண்ணின் வில்லை (லென்ஸ்) ஒளியைச் சரியாகக் குவிக்காதபோது, மெல்லிய கோட்டின் கருமை பக்கத்து வெள்ளையோடு பரந்து கலக்கிறது. கோடு அகலும், கருமை குறையும், எழுத்து சாம்பலாகும். தடித்த தலைப்பு தெரியும், கீழே உள்ள பொடி எழுத்து வெளுக்கும். வெயிலில் கொண்டுபோனால் கண்மணி சுருங்கி, குவியம் கொஞ்சம் பிசகினாலும் தெளிவு கெடாமல், எழுத்து திரும்பக் கறுக்கும். பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு விறாந்தை ஓரத்துக்கு வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். நடப்பதை நடந்தபடி சொல்கிற சொல் கையில் இருக்க, அதை விட்டுவிட்டு 'முதுமை' எதற்கு?

'முதுமைப்பார்வை'க்காக வாதாடுகிறவர்கள் சொல்வது இது: கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று ஒரு வரிசை இருக்கிறது, மூன்றாவதும் 'பார்வை' என்று முடிந்தால் மாணவருக்கு இலகு. வரிசை அழகுதான். ஆனால் முதல் இரண்டுமே நாளாந்தம் ஆட்களைக் குழப்புகின்றன. கிட்டப்பார்வை என்றால் கிட்ட உள்ளது தெரியும், தூர உள்ளது தெரியாது. கண்ணாடிக் கடையில் நின்று கேட்டுப் பாருங்கள்: "எனக்குக் கிட்டப்பார்வை" என்று வருகிறவர்களில் பலர் கிட்ட உள்ளது தெரியவில்லை என்பதைத்தான் சொல்கிறார்கள். குறும்பார்வை, நீள்பார்வை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே தடுக்குகிற வரிசையில் மூன்றாவது ஆளையும் நிற்பாட்டுவானேன்?

அதைவிட மோசம், வெள்ளெழுத்தையே 'தூரப்பார்வை' என்பது. தூரப்பார்வை கண்கோளம் நீளம் குறைந்ததால் வருவது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் இருக்கும். வெள்ளெழுத்து கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதால் வருவது. எல்லோருக்கும் வரும், தப்பியவர் கிடையாது. தமிழ்நாட்டுப் பக்கம் 'விழி ஏற்பமைவுத் திறன் குறைபாடு' என்று ஒரு தொடர் உண்டு. பொருள் பிழையில்லை. ஆனால் மனுசி கடைக்குப் போய் "தம்பி, எனக்கு விழி ஏற்பமைவுத் திறன் குறைபாடு" என்பாளா? "வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒண்டு தாங்கோ" என்பாள். கடைக்காரனும் எடுத்துக் கொடுப்பான்.

இன்னொரு கட்சி, 'வெள்' என்று வருவதால் கண்புரையோடு குழப்பிக்கொள்வார்கள் என்கிறது. புரையில் வெளுப்பது கண். இதில் வெளுப்பது எழுத்து. சொல்லே பிரித்துக் காட்டுகிறது. கண் நோய்களுக்குத் தமிழ் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். பொழுது பட்டதும் தெரியாமல் போவது மாலைக்கண். கருவிழியில் வெண்தழும்பு விழுந்தால் பூ விழுந்த கண். எல்லாம் பார்த்ததை வைத்துச் சொன்னது. எதிலும் நோயாளியின் வயதைப் போட்டு அடிக்கவில்லை.

வயதைப் போட்ட ஒரு சொல்லும் தமிழில் புழங்கியதுதான்: சாளேசரம். இந்தியில் நாற்பது 'சாலீஸ்'. மராத்தியில் 'சாளிஷி' என்றால் நாற்பது வயது, அந்த வயதில் ஏறும் கண்ணாடியும் அதுதான். அந்தச் சொல் தெற்கே வந்து சாளேசரம், சாளேச்சரம், சாளேஸ்வரம் என்றெல்லாம் ஆனது. கோணேச்சரத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர் காதில் சாளேச்சரம் என்று விழுந்தால் எந்தக் கடற்கரைக் கோயில் என்றுதான் கேட்பார். வேடிக்கையான சொல். வழக்குக் குறைந்ததில் வருத்தமில்லை, எண்ணைச் சொல்கிறதே தவிர எழுத்துக்கு என்ன ஆனது என்று அது சொல்லவில்லை.

கணக்கும் 'முதுமை'க்குச் சாதகமாக இல்லை. கிட்ட உள்ளதைப் பார்க்கும்போது வில்லையைச் சுற்றிய தசை வளையம் சுருங்கும், வில்லையைப் பிடித்த இழைகள் தளரும், வில்லை உப்பும். அந்த உப்பும் சக்தியை டயொப்டர் என்ற அலகில் அளப்பார்கள். சராசரிக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: 18.5இலிருந்து வயதின் 0.3 பங்கைக் கழிக்க வேண்டும். பத்து வயதில் 15.5. நாற்பதில் 6.5. நாற்பத்தைந்தில் 5. அறுபதில் அரை. புத்தகத்தை 40 சென்ரிமீற்றரில் பிடித்து வாசிக்க 2.5 வேண்டும், இருப்பதில் பாதியைத்தான் கண் களைக்காமல் நெடுநேரம் செலவழிக்கலாம். ஆகவே 5க்குக் கீழே இறங்கும் வயதில், அதாவது நாற்பத்தைந்தை ஒட்டி, எழுத்து வெளுக்கத் தொடங்கும். சரிவு பத்து வயதிலேயே தொடங்கிவிட்டது; கை எட்டாமல் போன அன்று கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். இலங்கையின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், அறுபது நிரம்பியவரைத்தான் முதியோர் என்கிறது. சட்டம் கொடுக்காத பட்டத்தை பதினைந்து வருடம் முந்திக் கொடுக்க மொழிபெயர்ப்பாளர் யார்?

சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் எழுதிய பாட்டியல்காரர்கள் இதில் இன்னும் கறார். பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்து, பேரிளம்பெண்ணோடு நாற்பதில் நிறுத்திவிட்டார்கள்; அதற்குப் பிறகு பெயரே இல்லை. ஆண் முப்பது தாண்டியதும் முதுமகன் என்றது பன்னிரு பாட்டியல் என்ற நூல். அந்தக் கணக்கில் 'முதுமைப்பார்வை' சரிதான் என்று யாராவது வந்தால், முப்பத்தொரு வயதுக்காரரை முதியோர் சங்கத்தில் சேர்த்துவிட்டு வரட்டும். 'கிழவன்' என்ற சொல்லும் ஒருகாலத்தில் உரிமை உடையவன், தலைவன் என்று நிமிர்ந்து நின்றதுதான். இன்று பஸ்ஸில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள். வயதுச் சொற்கள் இப்படித்தான் கீழே இறங்கும். நோய்ப் பெயரை அவற்றில் கட்டிவைத்தால் பெயரும் சேர்ந்து இறங்கும்.

வெள்ளெழுத்து என்ற சொல்லில் ஒரு குறும்பு உண்டு. குற்றம் எழுத்தின் மேல்! கண் அப்படியேதான் இருக்கிறது, எழுத்துத்தான் வெளுத்துப் போயிற்றாம். வந்த புதிதில் எல்லோரும் பேசுவதும் இதைத்தான். "இப்ப பேப்பர்க்காரர் மையைக் குறைச்சுப் போடுறாங்கள்." "குளிசை மட்டையில திகதியை எறும்பு மாதிரி அடிச்சிருக்கிறான்." கோணேசர் கோயிலில் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் படிக்கும்போது பாருங்கள். நிரைகழலரவம் என்று தொடங்கும் பாட்டுக்குத் தேவாரப் புத்தகம் நெஞ்சுக்கு நேரே இருக்கும். நான்காம் ஐந்தாம் பாட்டில் கை நீண்டுவிடும், தலை பின்னால் சாயும், புருவம் ஏறும். கடைசிப் பாட்டு மனப்பாடத்தில் போகும். பக்கத்தில் நிற்கிற மகளின் புத்தகம் அசையாது. கிழிந்த வலையைப் பொத்துகிறவர் நைலோன் இழையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பதும் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் தேடுகிறவர் விரலால் தேடத் தொடங்குவதும் இதே கதை. இவர்கள் யாரும் முதியவர் இல்லை. முதியவர் என்று சொன்னால் கண்ணாடி வாங்கமாட்டார்கள். எழுத்து வெளுத்துவிட்டது, ஒரு கண்ணாடி போட்டால் கறுத்துவிடும் என்றால் வாங்குவார்கள்.

வாங்குவதிலும் பிழை விடுகிறார்கள், அதையும் சொல்லவேண்டும். நாற்பத்தைந்தை ஒட்டி +1.00 அல்லது +1.25, ஐம்பதில் +1.50 முதல் +2.00, அறுபதில் +2.50, தூரத்துக்குக் கண்ணாடி தேவைப்படாத கண்ணுக்கு இது பொதுக்கணக்கு. "எழுத்து பெரிசாத் தெரியுது" என்று +3.00 வாங்கினால், கண் களையாமல் வாசிக்கப் புத்தகத்தை 33 சென்ரிமீற்றருக்குள் இழுக்க வேண்டிவரும். அரைமணியில் கழுத்தும் தலையும் வலிக்கும். மூக்குக்கண்ணாடியைக் கடைத் தட்டில் எடுத்துப் போட்டுப் பார்க்கும்போது, உங்கள் வேலை எவ்வளவு தூரத்தில் நடக்கிறதோ அந்தத் தூரத்தில் எழுத்தைப் பிடித்துப் பாருங்கள். தையலுக்கும் வாசிப்புக்கும் ஒரே தூரமில்லை. தட்டுக் கண்ணாடியில் இரு பக்கமும் ஒரே பவர். உங்கள் கண் இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அது சரிவராது. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாத கிழமையில் அளந்த பவர் அடுத்த மாதம் பொருந்தாது. குறும்பார்வை −2.50 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினாலே 40 சென்ரிமீற்றரில் வாசிப்பார். அவர் இன்னொன்று வாங்குவது வீண்செலவு.

மட்டை ஒன்றில் ஊசியால் ஒரு மில்லிமீற்றர் துளை போட்டு அதனூடாகப் பாருங்கள். எழுத்து கறுத்தால் கண்ணாடியில் தீரும் சங்கதி. துளையிலும் வெளுத்தே இருந்தால் அது வெள்ளெழுத்து மட்டுமல்ல, கண் வைத்தியரிடம் போகவேண்டும். எழுபதில் திடீரென்று கண்ணாடி இல்லாமல் வாசிக்க வந்தால் "பார்வை திரும்பிட்டுது" என்று நேர்த்தி வைக்கிறார்கள். பெரும்பாலும் அது வில்லையில் புரை முற்றுவதன் அடையாளம். பொன்னாங்காணியும் கரட்டும் நல்ல சாப்பாடு, மாலைக்கண்ணுக்கு உதவும், இறுகிய வில்லையை இளக்காது. கண் பயிற்சியும் அப்படித்தான், தசையில் பழுதில்லையே.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் ஒரு மனக்குறை. மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் மெல்ல மாறும் வில்லைக்கு 'முற்போக்கு வில்லை' என்று ஒரு தமிழ் வருகிறது. முற்போக்கு எழுத்தாளர் தெரியும், முற்போக்குக் கண்ணாடி என்ன கட்சி? 'படிமாறு வில்லை' என்றால் யாருக்கும் விளங்கும். 'வயோதிகர்' இங்கே 'வயோதிபர்' ஆனதும் இப்படி ஒரு கவனக்குறைவுதான், பள்ளிக்கூட அதிபர் மாதிரி வயதுக்கும் ஓர் அதிபர்.

அடுத்த முகாமுக்கு எழுதுகிறவர்களுக்கு: "நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துப் பரிசோதனை, வாசிக்கும் புத்தகத்தை, தைக்கும் ஊசியைக் கையோடு கொண்டு வரவும்." அதைத் துண்டுப்பிரசுரத்தின் அடியில் எட்டுப் புள்ளி எழுத்தில், மஞ்சள் தாளில் வெள்ளை மையால் அடிக்காதீர்கள். பதினாறு புள்ளி, கறுப்பு.