தொண்டை கறுத்த சில்லையின் சொண்டுக்குள் ஒரு நெல்லுக்குத்து

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய்வந்த கோப்பாய் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வெருளி கட்டி விரட்டுற எங்கட வயல் சில்லை மாதிரியே, தொண்டை கறுத்த குருவி ஒண்டைக் கண்டன். இரண்டும் ஒண்டோ?"

குடும்பம் ஒன்று, இனம் வேறு. வயலில் இறங்குவது புள்ளிச் சில்லை; அதன் வயிற்றில் மீன்செதில் கோலம் இருக்கும். அவர் கண்டது கருந்தொண்டைச் சில்லை; அறிவியற் பெயர் 'லொன்ச்சுரா கெலார்ட்டி'. இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான கெலார்ட்டின் நினைவாக 1863இல் பறவையியலாளர் ஜெர்டன் வைத்த பெயர். நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர். நமது மலைநாட்டுக் குருவியின் வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோலம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அதன் உறவுக்கு அது இல்லை.

வயல் சில்லைக்கும் மலைச்சில்லைக்கும் பொதுவானது சொண்டு. ரசிக்கவேண்டியதும் அதுதான்.

மேற்சொண்டின் உட்கூரையில் நீளவாட்டில் வரம்புபோல மேடுகள் ஓடுகின்றன. சொண்டின் ஓரத்துக்கும் மேட்டுக்கும் இடையில் ஒரு வாய்க்கால். நாக்கு விதையை அதற்குள் தள்ளிச் சரியாகப் பொருத்தும். கீழ்ச்சொண்டின் ஓரம் கீழிருந்து எழுந்து நெரிக்கும். உமி வெடித்ததும் நாக்கு விதையைப் புரட்டும், ஓரம் உமியை உரிக்கும், உமி பக்கவாட்டில் உதிரும், அரிசி உள்ளே போகும். சிறு புல்விதைக்கு இத்தனையும் நொடிக்கணக்கு. பாக்குவெட்டியில் பாக்கை அச்சாணிக்குக் கிட்ட வைத்தால் இலகுவாக நொருங்குவது போல, விதை சொண்டின் அடிப்பக்கம் போகப்போக விசை கூடும். ஆழமான கட்டைச் சொண்டின் வசதி அது. மனிதருக்கு மேற்றாடை அசையாது, குருவிக்கு அதுவும் அசையும். காதருகே உள்ள ஓர் எலும்பு முன்னே தள்ள, மேற்சொண்டு உயர்கிறது.

பிசகுவது பெரும்பாலும் பொருத்தும்போதுதான். விதை வழுகினால் நாக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். விதை பெருக்கப் பெருக்க உரிக்கும் நேரமும் ஏறுகிறது. அதனால்தான் காய்ந்து முற்றிய நெல்லைவிடப் பால்பிடித்த கதிரில் சில்லைகளுக்கு ஆசை. இளநெல்லைப் பிதுக்கினாலே போதும். சப்பிய மணியில் வெள்ளைப் பால் வழிந்து காய்ந்திருந்தால், திருடியது சில்லை என்று எண்ணலாம்.

சொண்டின் விசையை அளக்க ஒரு சிறு விசையுணரியும் பொறுமையும் போதும். ஆனால் "குருவியின்ர வாயை அளந்து என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்கள் கையிலேயே ஆராய்ச்சிப் பணம் இருக்கிறது. பயிரழிவுக் கணக்கு அந்த வாயிலிருந்துதான் தொடங்குகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இந்தச் சொண்டு குருவியைப் புல்லோடு கட்டிப்போட்டிருக்கிறது. முகில்காட்டின் உள்ளே வெளிச்சம் குறைவு, விதை தரும் புல்லும் குறைவு. ஆகவே மலைச்சில்லை காட்டு விளிம்பிலும் பத்தனை எனும் மலைப் புல்வெளியிலும் தேயிலைத் தோட்ட ஓரங்களிலுமே மேய்கிறது. மரத்திலோ புதரிலோ புல்லால் கூரைமூடிய பெரிய கூடு கட்டுகிறது. பத்தனையில் பைன் மரம் நட்டபோது 'காடு வளர்க்கிறோம்' என்றார்கள். ஊசியிலை மெத்தைக்குக் கீழே புல் எப்படி முளைக்கும்? சில்லைக்கு அது காடுமல்ல, வயலுமல்ல.

மறுமுறை மலைக்குப் போகும் வாசகி காட்டுக்குள் இறங்கவேண்டியதில்லை. காடு முடிகிற இடத்தில் கதிர்விட்ட புல்லைப் பார்த்து நிற்கட்டும். தாள் வளைந்து ஆடினால், அடியில் உமி உதிர்கிறதா என்று தொலைநோக்கியால் பார்க்கலாம்.