பன்னிரண்டு கண்ணிகள் எங்கே போயின?

மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் வெயில் ஏறிய பிறகும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது. என் பெரியம்மா அங்கேதான் இருக்கிறார். போன முறை நான் போனபோது பேத்திக்கு உல்லன் நூலில், ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில், சால்வை பின்னிக்கொண்டிருந்தார். விரித்துப் பார்த்தால் கீழே அகலமாக இருந்தது, மேலே போகப் போக இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் குறுகிக்கொண்டே வந்தது.

"கை இறுக்கமாப் போச்சு போல இருக்கு கண்ணு" என்றார்.

"எண்ணிப் பார்த்தீங்களா பெரியம்மா?"

எண்ணினோம். ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி. முதல் வரிசையில் 60 கண்ணி. பதின்மூன்றாவது வரிசையில் 48.

கை இறுகினால் கண்ணி சிறுக்குமே தவிர, எண்ணிக்கை குறையாது. அகலம் குறைந்தும் எண்ணிக்கை 60 ஆகவே இருந்தால் கையின் பிரச்சினை. எண்ணிக்கையே குறைந்தால் எங்கோ ஒரு கண்ணியை விட்டிருக்கிறோம். குரோஷாவில் தப்பைத் தேட உட்காரும்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். எண்ணுவதற்குத் துணியின் மேல் விளிம்பைப் பாருங்கள். சின்னதாகச் சடை போட்டது போல இருக்கும். சடையின் ஒரு பின்னல் ஒரு கண்ணி. ஊசியில் மாட்டியிருக்கும் வளையம் கணக்கில் வராது.

பெரியம்மாவின் பன்னிரண்டு கண்ணிகளும் ஓரத்தில்தான் தொலைந்திருந்தன. அவர் பின்னியது டபுள் குரோஷா என்ற உயரமான கண்ணி. அதில் ஒவ்வொரு வரிசையையும் மூன்று செயின், அதாவது சங்கிலி வளையம், போட்டுத் தொடங்குவார்கள். அந்த மூன்று செயினும் சேர்ந்து அந்த வரிசையின் முதல் கண்ணியாக நிற்கிறது. துணியைத் திருப்பிப் பிடித்து அடுத்த வரிசையைப் பின்னி வரும்போது, கடைசிக் கண்ணியை அந்தச் செயினின் உச்சியில் ஊசியை நுழைத்துப் போட வேண்டும். ஆனால் அது ஓரத்தில் ஒல்லியாகச் சாய்ந்து கிடக்கும், பார்த்தால் கண்ணி மாதிரியே தெரியாது. விட்டால் வரிசைக்கு ஒன்று போய்விடும். துணியைத் திருப்பித் திருப்பிப் பின்னுவதால் இழப்பு ஒரு முறை வலது ஓரத்தில், அடுத்த முறை இடது ஓரத்தில். பக்கத்துக்கு ஆறு. இரண்டு பக்கமும் சமமாகக் குறுகியதால்தான் பெரியம்மாவுக்கு அது தப்பாகவே படவில்லை. ஒரே பக்கம் கோணியிருந்தால் நாலாவது வரிசையிலேயே கண்டுபிடித்திருப்பார்.

இன்னொரு தப்பு கொஞ்சம் கள்ளத்தனமானது. ஆரம்பத்தில் மூன்று செயின் போட்டுவிட்டு, அதன் அடியிலேயே ஒரு கண்ணியும் போட்டால் ஒன்று கூடும். முடிவில் செயினை விட்டால் ஒன்று குறையும். இரண்டும் ஒரே வரிசையில் நடந்தால் எண்ணிக்கை 60 ஆகவே இருக்கும், ஓரம் மட்டும் பல் பல்லாக நெளியும். அதனால் எண்ணிக்கையோடு ஓரத்தையும் பார்க்க வேண்டும்.

வட்டமாகப் பின்னும்போது நிலைமை வேறு. அங்கே துணியின் உருவமே தப்பைக் காட்டிக் கொடுத்துவிடும். குட்டைக் கண்ணியான சிங்கிள் குரோஷாவில் தட்டையான வட்டம் வேண்டுமானால் சுற்றுக்கு 6 கண்ணி கூட்ட வேண்டும் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் ஆறு? பள்ளியில் படித்த சுற்றளவுச் சூத்திரம்தான் காரணம். வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூடினால், சுற்றளவு அந்த உயரத்தைப் போல 2π மடங்கு, அதாவது சுமார் 6.28 மடங்கு கூடும். சிங்கிள் குரோஷாவில் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே கூடுதல் சுற்றளவை நிரப்ப ஆறு கண்ணி போதும். டபுள் குரோஷா ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம், அதனால் 12. நூல் கடையில் பேசப்படும் ஒரு கணக்குக்குள் π உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

குறைவாகக் கூட்டினால் விளிம்புக்குச் சுற்றளவு போதாது, துணி கிண்ணம் போலக் குவியும். அதிகமாகக் கூட்டினால் இடம் போதாமல் விளிம்பு அலை அலையாக மடியும். தருமபுரிப் பக்கம் தோட்டங்களில் விளையும் கோழிக்கொண்டைப் பூவின் மடிப்பும் இப்படி வருவதுதான்: அடியைவிட விளிம்பு வேகமாக வளர்ந்துவிடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா என்ற கணிதவியலாளர் 1997இல் இதையே வேண்டுமென்று செய்தார். விடாமல் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், எங்கும் சேணம் போல வளைந்திருக்கும், அதிபரவளையத் தளம் என்று கணிதத்தில் சொல்லப்படும் பரப்பைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி பின்னிக் காட்டினார். நமக்கு மேசை விரிப்பைக் கெடுக்கும் மடிப்பு, அவருக்கு வடிவியல் பாடமானது.

வட்டம் கெடுவதற்கு எண்ணிக்கைப் பிழை மட்டும் காரணமில்லை, பெயர்க் குழப்பமும் உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்வதை பிரிட்டிஷ் புத்தகங்கள் டபுள் என்கின்றன. அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் கணக்கில் டிரெபிள். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள். பழைய புத்தகத்தைப் பார்த்துப் பாதி, யூடியூபைப் பார்த்து மீதி என்று பின்னினால் கண்ணியின் உயரமே மாறிவிடும்.

சரி, தப்பு இருப்பது தெரிந்துவிட்டது. எந்த வரிசையில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 64 வரிசைப் போர்வையில் எங்கோ ஒரே ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று வையுங்கள். 64 வரிசையையும் எண்ண வேண்டாம். 32ஆவது வரிசையை எண்ணுங்கள். சரியாக இருந்தால் தப்பு அதற்கு மேலே, குறைந்திருந்தால் அதிலோ அதற்குக் கீழோ. அடுத்து மீதியின் நடுவில். இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் ஆறே முறை எண்ணுவதில் சரியான வரிசைக்கு வந்துவிடலாம். கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்களும் இப்படித்தான் தேடுகிறார்கள்.

இனி பிரிக்க வேண்டியதுதான். இங்கேதான் குரோஷாவின் அமைப்பு நமக்குக் கைகொடுக்கிறது. அரிசி மூட்டையின் வாய்த் தையலைப் பிரித்திருக்கிறீர்களா? சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுக்க அவிழும். மறு முனையை இழுத்தால் இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு வளையமும் முந்தைய வளையத்துக்குள் நுழைந்து நிற்கிறது. கடைசி வளையத்தை விடுவித்தால் முந்தையது விடுபடும், வரிசையாக எல்லாம் விடுபடும். ஆரம்ப முனையிலிருந்து பிரிக்க வேண்டுமானால் நூல் முழுவதையும் ஒவ்வொரு வளையத்திலும் நுழைத்து எடுக்க வேண்டும். குரோஷாவும் இதே சங்கிலிதான். இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுக்க வளையங்கள் அவிழக் காத்திருக்கும், ஊசி நழுவினால் பல இடத்தில் ஓட்டை விழும். குரோஷாவில் எந்த நேரத்திலும் அவிழக்கூடிய வளையம் ஒன்றே ஒன்று. அதில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால் துணி எங்கும் போகாது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு ஊசிப் பின்னலில் தப்பான ஒரு பத்தியை மட்டும் கீழே வரை அவிழ்த்துத் திரும்ப ஏற்றலாம். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியோடு பூட்டப்பட்டிருப்பதால் அது நடக்காது. தப்பு வரைக்கும் வந்த வழியே திரும்பியாக வேண்டும்.

பெரியம்மா வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள், கூடு தருமபுரி அங்காடிக்குப் போகும். பட்டுக்கூடும் ஒரே நீள இழைதான், ஆனால் அதைப் பிடித்திருப்பது பசை, வெந்நீரில் போட்டால்தான் இளகும். சால்வையில் பசை கிடையாது. உராய்வு மட்டும்தான். மெல்ல இழுக்கச் சொன்னேன். டபுள் குரோஷாவின் ஒவ்வொரு கண்ணியும் மூன்று சின்ன அதிர்வோடு அவிழ்ந்தது, ஏனென்றால் பின்னும்போது மூன்று முறை நூலை இழுத்திருக்கிறோம். விரலில் அந்த மூன்றை எண்ணிக்கொண்டே வந்தால் பார்க்காமலேயே எத்தனை கண்ணி அவிழ்ந்தது என்று சொல்லலாம்.

அவிழ்த்த நூல் சுருள் சுருளாக நிற்கும். கம்பளியோ பருத்தியோ ஆனால் நனைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும். இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் விட்டுப்போய், காயும்போது புது நிலையில் திரும்பச் சேரும். வேட்டியில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவதும் இதனால்தான். ஆனால் நம் கடைகளில் உல்லன் என்று விற்பதில் நிறைய அக்ரிலிக். அதன் மேல் இஸ்திரிப் பெட்டி வைத்தால் இழை உருமாறித் துவண்டுவிடும், மறுபடி துள்ளாது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

பெரியம்மா முதல் வரிசைக்கே வந்து நின்றார். இனி ஒவ்வொரு வரிசை தொடங்கியதும், அந்த மூன்று செயினின் உச்சியில் ஒரு ஊக்கை மாட்டச் சொன்னேன், திரும்பி வரும்போது கண்ணில் படட்டும் என்று. வந்தார். ஊக்கு இருந்த இடத்தில் கடைசிக் கண்ணியைப் போட்டார், ஊக்கைக் கழற்றிப் புதுச் செயினில் மாட்டினார்.

"அறுபது இருக்கு கண்ணு, நீயும் ஒரு தடவ எண்ணு" என்று என்னிடம் நீட்டினார்.