ஒரு நாற்காலிக்கு அஞ்சு ஆள்: ஷெரீஃப் துறையோட ஓவர்டைம் ஏன் அடங்கவே மாட்டேங்குது?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஆர்ட்டீசியான்னு ஒரு சின்ன ஊரு, பயனியர் பொலிவார்ட்ல வரிசையா நம்மாளுங்க மளிகைக் கடை, புடவைக் கடை, டிபன் கடைன்னு இருக்குமே அதே ஊருதான், அங்க இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. "எங்க ஊருக்குன்னு தனியா போலீஸ் கிடையாது, ரோந்து வர்ற வண்டியில ஷெரீஃப்னுதான் போட்டிருக்கு. கவுண்டி போர்டு மீட்டிங்ல ஷெரீஃப் துறை ஓவர்டைம் பட்ஜெட்டைத் தாண்டிருச்சுன்னு சண்டை போடுறாங்க. அதே மூச்சுல ஏகப்பட்ட போஸ்டு காலியா இருக்குன்னும் சொல்றாங்க. காலி போஸ்டுக்கு ஆளைப் போட்டா ஓவர்டைம் தன்னால நின்னுடாதா? ஏதோ திருட்டுத்தனம் நடக்குதா?"

திருட்டுத்தனம் எங்க வேணா நடக்கலாம், அதைப் பிடிக்கத்தான் ஆடிட்டர் இருக்காங்க. ஆனா ஒருத்தர்கூட ஒரு பைசா தொடாம, அத்தனை பேரும் நேர்மையா வேலை பாத்தாலும் இந்த ஓவர்டைம் வீங்கத்தான் செய்யும். அதுக்குப் பின்னாடி இருக்கறது அஞ்சாங்கிளாஸ் வகுத்தல் கணக்கு ஒண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு, அதைத்தான் இன்னைக்கு பாக்கப் போறோம்.

முதல்ல யாரு யாருக்குப் பதில் சொல்லணும்னு வேகமா பாத்துடலாம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிட்டத்தட்ட 1 கோடி ஜனம், 88 நகரம். அதுல 42 நகரம் சொந்தமா போலீஸ் வச்சுக்காம ஷெரீஃப் துறைக்குக் காசு கொடுத்து சேவையை வாங்கிக்குது, 1954ல லேக்வுட் நகரம் ஆரம்பிச்சு வச்ச ஏற்பாடு இது. ஷெரீஃப்னா கவுண்டி போலீஸோட தலைவர், ஓட்டுல ஜெயிச்சு வர்றவர். கவுண்டியை நடத்துற போர்டோட அஞ்சு சூப்பர்வைசர்களும் ஓட்டுல ஜெயிச்சவங்க. அதனால நம்ம ஊர்ல அரசாங்கம் எஸ்பியை டிரான்ஸ்ஃபர் பண்ற மாதிரி அங்க ஷெரீஃபை மாத்த முடியாது. 2022ல மக்கள் ஓட்டுப் போட்டு, தகுந்த காரணம் இருந்தா அஞ்சுல நாலு சூப்பர்வைசர் சேந்து அவரை நீக்கலாம்னு ஒரு வழி கொண்டு வந்தாங்க, அது கடைசி ஆயுதம். தினப்படி போர்டு கையில இருக்கறது பணம்தான். செலவைக் கண்காணிக்கலாம், பட்ஜெட்டைக் கூட்டலாம் குறைக்கலாம், ஆனா அவரோட புலனாய்வு வேலையில குறுக்க வரக்கூடாதுன்னு கலிஃபோர்னியா சட்டமே சொல்லுது. இதுபோக துறையைக் கண்காணிக்கற இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸ் ஒண்ணு (நம்ம ஊர் போலீஸ் ஐஜி இல்ல), 2016ல அமைச்ச குடிமக்கள் கண்காணிப்பு ஆணையம் ஒண்ணு, வருஷா வருஷம் சாதாரண ஜனங்கள்ல இருந்து 23 பேரை எடுத்து அமைக்கற சிவில் கிராண்ட் ஜூரி ஒண்ணு. வருஷத்துக்கு ஏறக்குறைய 400 கோடி டாலர் செலவு பண்ற துறைக்கு இத்தனை கண்ணு இருக்கறது நியாயம்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். இந்தத் துறை ரோந்து மட்டும் போறதில்ல, அமெரிக்காவுலயே பெரிய உள்ளூர் சிறை அமைப்பை நடத்துறதும் இவங்கதான். சிறைக்குள்ள ஒரு தளம், அதுக்கு ஒரு டெப்யூட்டி, அதாவது ஷெரீஃப் துறையோட போலீஸ்காரர். மணிக்கு ஒரு தடவையாவது அவர் நேர்ல நடந்து போயி ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கண்ணால பாக்கணும். சும்மா எட்டிப் பாத்துட்டுப் போக முடியாது, உள்ள படுத்திருக்கறவரோட போர்வை ஏறி இறங்குதா, மூச்சு இருக்கான்னு பாத்து நேரத்தைப் பதிவு பண்ணணும், ரெண்டு பார்வைக்கு நடுவுல 60 நிமிஷம் தாண்டக் கூடாது, இது மாநில விதி. ராத்திரி ரெண்டு மணிக்கும் கிறிஸ்துமஸ் அன்னைக்கும் அதே விதிதான். அப்போ அந்த டெப்யூட்டியோட இடம், அதை ஒரு நாற்காலின்னு வச்சுக்குவோம், காலியா இருக்கவே கூடாது.

ஒரு வருஷத்துக்கு அந்த நாற்காலிக்கு எவ்ளோ மணி நேரம் வேணும்? 24ஐ 365ஆல பெருக்கினா 8,760. ஒருத்தர் வாரத்துக்கு 40 மணி நேரம், 52 வாரம், ஆக 2,080. சரி நாலு பேரும் கொஞ்சமும் போதும்னு தோணும். ஆனா அந்த 2,080ல லீவு இருக்கு, பண்டிகை இருக்கு, உடம்பு முடியாம போறது இருக்கு, துப்பாக்கிப் பயிற்சியில இருந்து முதலுதவி வரைக்கும் கட்டாய டிரெய்னிங் இருக்கு. புரியறதுக்காக ஒரு உத்தேசமா 340 மணி நேரம் கழிப்போம். மிச்சம் 1,740. இப்ப 8,760ஐ 1,740ஆல வகுத்துப் பாருங்க, 5.03 வருது. ஒரே ஒரு நாற்காலிக்கு அஞ்சு ஆளு! இந்த நம்பருக்குப் பேரு ரிலீஃப் ஃபேக்டர். சிறை, ஆஸ்பத்திரி ஐசியு, தீயணைப்பு நிலையம், அவசர ஃபோன் எடுக்கற கண்ட்ரோல் ரூம், விளக்கை அணைக்கவே முடியாத எந்த இடத்துக்கும் ஆள் கணக்கு இதை வச்சுத்தான் போடணும்.

இதோட அழகே பகுதியில இருக்கற அந்த 1,740லதான். மேல இருக்கற 8,760 அசையாது, பூமி சூரியனைச் சுத்தற வேகத்தை எந்த போர்டும் மாத்த முடியாது. கீழ இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சுக்கிட்டே இருக்கும். அதே ஆளுங்க வருஷத்துக்கு அஞ்சே அஞ்சு நாள் கூடுதலா சிக் லீவு எடுத்தாங்கன்னு வைங்க, 40 மணி நேரம் போச்சு, 1,700 ஆச்சு, ஃபேக்டர் 5.15 ஆச்சு. இவ்ளோதானான்னு தோணுதில்ல? 1,000 நாற்காலி இருக்கற ஒரு துறைக்கு இதைப் போட்டுப் பாருங்க. திடீர்னு 118 ஆளு பத்தல. பட்ஜெட் போட்டவர் 5.03ஐ வச்சுப் போட்டுட்டாரு, நாற்காலியோ காலியா கிடக்கக் கூடாது, அதனால அந்தப் பள்ளம் மொத்தத்தையும் ஓவர்டைம்தான் நிரப்பணும், கிட்டத்தட்ட 2 லட்சம் மணி நேரம். மணிக்கு 60 டாலர் சம்பளம்னா ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 90 டாலர். மொத்தம் 1 கோடியே 80 லட்சம் டாலர்! யாரும் திருடல, யாரும் பொய்க்கணக்கு எழுதல, கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் முதுகு வலி, அவ்ளோதான்.

சரி, 118 பேரை வேலைக்கு எடுத்துட்டா? இங்கதான் அந்த வாசகரோட கேள்விக்கு நேர் பதில் இருக்கு. புது ஆளுக்கு 2,080 மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுக்கணும், அவர் லீவுல இருக்கறப்பவும் சேத்துத்தான். அதுக்கு மேல பென்ஷன் பங்கு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எல்லாம் சம்பளத்துல ஒரு 60 சதவீதம்னு வைப்போம். வருஷத்துக்கு 1,99,680 டாலர் ஆகுது. அவர் உண்மையில நாற்காலியில உக்காரப் போறது 1,740 மணி நேரம். வகுத்தா, உக்காந்திருக்கற ஒரு மணி நேரத்துக்கு 115 டாலர். ஓவர்டைமுக்கு எவ்ளோ? 90. ஏன்னா ஓவர்டைம் காசுக்கு பெரும்பாலும் பென்ஷன் கிடையாது, இன்ஷூரன்ஸ் ஏற்கனவே கட்டியாச்சு. ஒன்றரை மடங்கு கொடுத்தும் பழைய ஆளு புது ஆளை விட சல்லிசு! இதை முதல் தடவை காகிதத்துல போட்டுப் பாக்கறப்போ எல்லாருக்குமே ஒரு அதிர்ச்சி வரும். போஸ்டை காலியா வச்சுக்கறதுக்கு ஒரு காரணம் அந்தக் கணக்குக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. காலி போஸ்டுக்கான சம்பளப் பணம் அப்படியே ஓவர்டைம் பக்கம் ஓடுது, அதனால ஒரு வரியில பயங்கரமான மிகைச் செலவும் பக்கத்து வரியில மிச்சமும் தெரியும், ரெண்டையும் சேத்துப் பாக்காம கத்துறதுல அர்த்தமே இல்ல.

அப்ப ஓவர்டைமே நல்லதுன்னு விட்டுடலாமான்னா, கூடவே கூடாது. மேல போட்ட கணக்குல உடம்புங்கற ஒண்ணு இல்ல. தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காம இருக்கற ஒருத்தரோட நிதானம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவரோட நிதானத்துக்குச் சமமா இறங்கிடுதுன்னு 1997ல இருந்து ஆராய்ச்சிகள் காட்டியிருக்கு. கையில துப்பாக்கி, காருக்கு சைரன், அந்த நிலைமையில ஒருத்தர். களைச்சவங்களுக்கு அடிபடுது, உடம்பு சீக்கிரம் கெடுது, சிக் லீவு கூடுது, உடனே 1,700ங்கறது 1,660 ஆகுது, ஃபேக்டர் 5.28 ஆகுது, இன்னும் ஓவர்டைம் வேணும், இன்னும் களைப்பு. இது தன்னைத் தானே ஊதிக்கற சுழற்சி. சரி இப்பவாவது ஆள் எடுப்போம்னு முடிவு பண்ணா அகாடமி பயிற்சியே பல மாசம், அதுக்கு முன்னாடி பின்னணி விசாரணை, அப்புறம் கூடவே ஒருத்தர் இருந்து பழக்கணும். நம்ம வீட்டு கீசர் மாதிரி, குழாயைத் திருப்பி வெந்நீர் வர்றதுக்குள்ள பொறுமை இல்லாம இன்னும் திருப்புவோம், அப்புறம் கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். ஆள் எடுப்பை ஒரு வருஷம் நிறுத்தறது, ரெண்டு வருஷம் கழிச்சுத் தவிக்கறது, அப்புறம் மொத்தமா எடுக்கறதுன்னு துறைகள் அலைபாயறதுக்கு இந்தத் தாமதம்தான் காரணம்.

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு ஷிஃப்டு எத்தனை மணி நேரம் இருக்கணும்னு முறையா பரிசோதனை பண்ணிப் பாத்தவங்க ரொம்பக் கம்மி. 2011ல வந்த ஒரு ஆய்வுல டெட்ராய்ட்லயும் டெக்சாஸ் ஆர்லிங்டன்லயும் போலீஸ்காரங்களைக் குலுக்கல் முறையில 8, 10, 12 மணி நேர ஷிஃப்டுக்குப் பிரிச்சு விட்டுப் பாத்தாங்க. 10 மணி நேரக்காரங்க அதிகம் தூங்கினாங்க, ஓவர்டைமும் குறைஞ்சது. 12 மணி நேரக்காரங்களுக்கு விழிப்பு குறைஞ்சது. கோடிக்கணக்குல காசு போற ஒரு முடிவுக்கு இந்த மாதிரி ஆய்வு ஊருக்கு ஊரு நடந்திருக்கணும். ஆனா பொது ஜனத்தோட வரிப்பணம் ஹெலிகாப்டருக்கும் புது சாஃப்ட்வேருக்கும் போற சுலபத்துல ஆராய்ச்சிக்குப் போறதில்ல. அந்த இடத்துல நம்பிக்கைகள் வந்து உக்காந்துக்குது. பௌர்ணமி ராத்திரியில அவசர அழைப்பு கூடும்னு அமெரிக்காவுல ஷிஃப்டு பாக்கற எத்தனையோ பேர் இன்னைக்கும் அடிச்சுச் சொல்லுவாங்க, நம்ம ஊர்ல அமாவாசைக்குச் சொல்ற மாதிரியே. எண்ணிப் பாத்த ஆய்வுகள்ல பெரும்பாலும் அப்படி எதுவும் கிடைக்கல. சனிக்கிழமை ராத்திரிக்கு கூடும், அது உண்மை, அது கேலண்டர்லயே தெரியும், அதுக்கு நிலா எதுக்கு?

சரி, போர்டு என்ன பண்ண முடியும்? 2018-19 நிதியாண்டுல லாஸ் ஏஞ்சலஸ் ஷெரீஃப் துறை 6 கோடி டாலருக்கு மேல பட்ஜெட்டைத் தாண்டுச்சு. அப்போ அலெக்ஸ் வில்லனுவேவா ஷெரீஃப். 2019 அக்டோபர்ல போர்டு அந்தத் துறையோட பட்ஜெட்ல 14 கோடி டாலருக்கு மேல எடுத்து முடக்கி வச்சுது, செலவைக் கட்டுப்படுத்தற திட்டத்தைக் காட்டுனாதான் திருப்பித் தருவோம்னுட்டாங்க. அது அரசியல் சண்டையாவும் ஆச்சு, அதுக்குள்ள நான் போகல. ஆனா பணத்தை முடக்கறது மேல இருந்து போடற கட்டுப்பாடு, 8,760 அதனால குறையாது. என்னைக் கேட்டா போர்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு நம்பரை வாங்கி வெளியிட்டாலே பாதி வெளிச்சம் வந்துடும்: போன வருஷம் ஒரு டெப்யூட்டி நிஜமா நாற்காலியில உக்காந்த சராசரி மணி நேரம் எவ்ளோ? பட்ஜெட் எதை வச்சுப் போட்டாங்களோ அதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம்தான் வரப்போற ஓவர்டைம். அப்புறம் எந்த நாற்காலி உண்மையிலயே 24 மணி நேரமும் வேணும்னு கேக்கலாம். ஒரு நாற்காலியைக் குறைச்சா அஞ்சு சம்பளம் மிச்சம்.

ஆர்ட்டீசியாக்காரங்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. உங்க நகரம் ஷெரீஃப் கூட போட்டிருக்கற ஒப்பந்தத்தோட கட்டணப் பட்டியலை சிட்டி ஹால்ல கேட்டு வாங்குங்க. அதுல ரோந்து சேவையை வாரத்துக்கு 40 மணி நேரம், 56 மணி நேரம், 70 மணி நேரம்னு யூனிட்டா வித்திருப்பாங்க, ரிலீஃப் இல்லாத யூனிட்னும் தனியா ஒரு வரி இருக்கும். ரிலீஃப் இல்லாததுன்னா அந்த டெப்யூட்டி லீவு போட்டா அன்னைக்கு வண்டி வராது. 56ங்கறது ஏழு நாளும் எட்டு எட்டு மணி நேரம், யாரு லீவு போட்டாலும் மாத்து ஆளு வந்தாகணும். வருஷத்துக்கு 2,920 மணி நேரம், அதை 1,740ஆல வகுத்தா 1.68 ஆளு. 56 மணி நேர வரியில போட்டிருக்கற விலையை ரிலீஃப் இல்லாத வரியோட விலையால வகுத்துப் பாத்துட்டு என்ன நம்பர் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க.