டிக்கெட் போட்டாச்சு, ரூம் போட்டாச்சு, ஃப்ரெண்டுகிட்ட சுகர் இருக்குன்னு சொல்லியாச்சா?

பெரம்பூர்ல க்ளினிக் வெச்சு 19 வருஷம் ஆகுது. பொது மருத்துவம்தான், ஆனா வர்றவங்கள்ல நெறைய பேர் சுகர், பிபிக்குத்தான் வர்றாங்க. முன்னாடியெல்லாம் "ஊருக்குப் போறேன் டாக்டர், ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் குடுங்க"ன்னு கேட்டா குலதெய்வம் கோயில், கல்யாணம், இல்ல தீபாவளியா இருக்கும், குடும்பமே கூடப் போகும். இப்ப சில வருஷமா வேற ஒண்ணு அதிகமாயிருக்கு, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் மட்டும் சேந்து வெள்ளிக்கிழமை ராத்திரி எக்மோர்லயோ சென்ட்ரல்லயோ ட்ரெயின் ஏறி, சனி ஞாயிறு ஒரு ஊரை சுத்திட்டு, திங்கக்கிழமை காலைல வந்து எறங்கி குளிச்சுட்டு ஆபீஸ் போயிடறாங்க. மதுரை, மைசூர், கொச்சி, பாண்டி. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், நானே போயிட்டு வாங்கன்னு சொல்றவன்தான். இந்த ட்ரிப்புக்கு ப்ளான் போடும்போது ஒரு பேச்சு மட்டும் விட்டுப் போயிடுது, அதுக்காகத்தான் எழுதறேன்.

போன வருஷம் நடந்தது. அடையாளம் தெரியாதபடி மாத்தியிருக்கேன், சம்பந்தப்பட்ட ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதான் எழுதறேன். ரெண்டு பேருக்கும் 54 வயசு, ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்சு. மதுரைக்கு ரெண்டு நாள் ப்ளான். எந்தக் கடைல கறி தோசை, எங்க ஜிகர்தண்டா, திருமலை நாயக்கர் மஹால் எப்ப, காந்தி மியூசியம் எப்பன்னு எல்லாம் ஒரு மாசமா வாட்ஸ்அப்ல பேசி முடிச்சிருக்காங்க. ஒருத்தருக்கு ஒம்பது வருஷமா சுகர், என்கிட்டதான் பாக்கறார், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேந்த மாத்திரை. இது கூடப் போன சிநேகிதருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலைல ரூம்ல குளிச்சுட்டு பழக்கத்துல ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுட்டார். சாமி பாத்துட்டு சாப்பிடலாம்னு சிநேகிதர் சொல்லியிருக்கார், இவரும் சரின்னுட்டார். மீனாட்சி அம்மன் கோயில்ல செல்ஃபோனுக்கு அனுமதி கெடையாது, ஃபோனைக் கவுன்ட்டர்ல குடுத்தாச்சு, பையையும் வெளியே வெச்சாச்சு, அந்தப் பையிலதான் அவர் மனைவி போட்டு அனுப்பின பிஸ்கட்டும் மிட்டாயும் இருந்திருக்கு. சனிக்கிழமை கூட்டம், க்யூ நகரல. பத்தரை மணி வாக்குல இவருக்கு வேர்த்துக் கொட்டுது, கேட்டதுக்குப் பதில் வரல, "டேய் என்னடா ஆச்சு"ன்னு கேட்டா கையைத் தட்டி விடறார். வெயில்னு நெனச்சு பொற்றாமரைக் குளத்துப் படியில ஒக்கார வெச்சுட்டு சிநேகிதர் தண்ணி தேடிப் போயிருக்கார். திரும்பி வர்றதுக்குள்ள பக்கத்துல குடும்பத்தோட ஒக்காந்திருந்த ஒரு அம்மா, "அண்ணே, சுகர் இருக்காண்ணே உங்களுக்கு?"ன்னு கேட்டு, அவர் தலையாட்டினதும் அர்ச்சனைத் தட்டுல இருந்த கல்கண்டை அள்ளிக் குடுத்திருக்காங்க. பத்து, பதினஞ்சு நிமிஷத்துல ஆள் தெளிஞ்சுட்டார். அந்த அம்மா யாருன்னு தெரியாது, எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

ஊருக்கு வந்ததும் ரெண்டு பேரும் சேந்தே க்ளினிக்குக்கு வந்தாங்க. சிநேகிதர் என்கிட்ட சொன்னது இன்னும் மனசுல நிக்குது: "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல பழக்கம் டாக்டர். இவனுக்கு சுகர்னு கல்கண்டு குடுத்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல." பேஷண்ட் குனிஞ்சுட்டு ஒக்காந்திருந்தார். ஏன் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா சாப்பாட்டுல கை வைக்க விடமாட்டான் சார், பரிதாபமா பாப்பான்"னார்.

நம்ம வீடுகள்ல உடம்பைப் பத்தின விவரமெல்லாம் அவங்கவங்க தலையில இருக்கறதே இல்ல. மனைவிகிட்ட இருக்கு, அம்மாகிட்ட இருக்கு, இப்பல்லாம் பொண்ணுகிட்ட இருக்கு. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்ன, எது பின்ன, எந்த ஊசி ஒத்துக்காதுன்னு நான் கேட்டா பேஷண்ட் பக்கத்துல திரும்பிப் பாப்பாங்க, அவங்கதான் பதில் சொல்வாங்க. ஃப்ரெண்டோட கெளம்பும்போது அந்தத் தலை வீட்லயே இருந்துடுது, கூட வர்றவருக்கு உங்க காலேஜ் கதையெல்லாம் தெரியும், ரத்தத்துல என்ன ஓடுதுன்னு தெரியாது. அதனால டிக்கெட் போட்ட அன்னைக்கே பத்து நிமிஷம் பேசிடுங்கன்னு சொல்றேன். எனக்கு இது இருக்கு, இந்த மாத்திரை போடறேன், இப்படி ஆனா இதைப் பண்ணு, மாத்திரை இந்தப் பையில இருக்கு, வீட்ல கூப்பிட வேண்டிய நம்பர் இது. அவ்ளோதான். அவரும் உங்ககிட்ட சொல்லட்டும், அவருக்கும் ஏதாவது இருக்கும், அம்பது தாண்டின ரெண்டு பேர்ல ரெண்டு பேருமே ஒண்ணும் இல்லாதவங்களா இருக்கறது எனக்குத் தெரிஞ்சு அபூர்வம்.

லோ சுகர் பத்தி கூட வர்றவருக்கு என்ன தெரியணும்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். சுகர் 70க்குக் கீழ போனா வேர்க்கும், கை நடுங்கும், படபடப்பு, பசி, அப்புறம் காரணமில்லாத கோவம், பேச்சுக் கொழறல். மெட்ஃபார்மின் மட்டும் போடறவங்களுக்கு இது வர்றது அபூர்வம், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டா சாப்பாடு நேரத்துக்கு வந்தே ஆகணும், சாமியாவே இருந்தாலும் அப்புறந்தான். பிபிக்காகவோ ஹார்ட்டுக்காகவோ சில மாத்திரை போடறவங்களுக்கு படபடப்பும் நடுக்கமும் வெளிய தெரியாமப் போகலாம், வேர்வை மட்டும் இருக்கும். உடனே 15 கிராம் சக்கரை உள்ள போகணும், மூணு டீஸ்பூன் சக்கரையோ குளுக்கோஸ் பவுடரோ, இல்ல 150 மில்லி சாதா கூல் டிரிங்க், டயட்னு போட்டது வேண்டாம். 15 நிமிஷம் பாத்துட்டு சரியாகலன்னா இன்னொரு தடவை. அப்புறம் சாப்பாடு. மதுரைல இருக்கோமேன்னு ஜிகர்தண்டா வாங்கிக் குடுக்காதீங்க, பாலும் ஐஸ்க்ரீமும் சேந்தது, கொழுப்பு இருந்தா சக்கரை ரத்தத்துல ஏற நேரமாகும், சாக்லேட்டும் அதே கதைதான். நெனவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, பொறையேறி நுரையீரலுக்குப் போயிடும், ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108. கிளிமிபிரைடு போட்டவங்களுக்கு சரியான பிறகும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப எறங்கலாம், அதனால அன்னைக்கு அவரைத் தனியா ரூம்ல விட்டுட்டு சுத்தப் போகாதீங்க.

தண்ணி விஷயத்தையும் சொல்லிடறேன், மறைக்கறதுல பிரயோஜனம் இல்ல, ரெண்டு ஆம்பளைங்க ட்ரிப்புன்னா பெரும்பாலும் அது இருக்கு. சாப்பிடாம குடிச்சா கல்லீரல் சக்கரையை வெளிய விடற வேலையைச் சரியா செய்யாது, சுகர் மாத்திரையோ இன்சுலினோ உள்ள இருந்தா நடு ராத்திரியிலயோ மறுநாள் காலைலயோ சுகர் சரிஞ்சுடும். தள்ளாட்டம், கொழறல், தூக்கம், எல்லாம் போதை மாதிரியே இருக்கும். "மப்புல கெடக்கான், தூங்கட்டும்"னு போர்வையைப் போத்தி விட்டுடுவாங்க. எழுப்பிப் பாருங்க. குளுக்கோமீட்டர் உள்ளங்கை அளவுதான், பையில வெச்சுக்கிட்டா ஒரு சொட்டு ரத்தத்துல சந்தேகம் தீந்துடும்.

வலிப்பு இருக்கறவங்க இதை ஃப்ரெண்டுகிட்ட சொல்றதே இல்ல, முக்கியமா கல்யாணம் ஆகாத பசங்களும் பொண்ணுங்களும். பயம் எனக்குப் புரியுது. ஆனா ராத்திரி ட்ரெயின்ல அரட்டை, தூக்கம் இல்ல, காலைல மாத்திரை மறந்தாச்சு, வலிப்பு வர்றதுக்கு இதுவே போதும். அப்ப கூட இருக்கறவர் சாவிக்கொத்தைத் தேடிட்டு இருப்பார். இரும்பு எதையும் பண்ணாது. பக்கத்துல இடிக்கற மாதிரி இருக்கறதை நகத்துங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க, வாயில ஸ்பூனோ விரலோ விடாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாலோ, தெளியாம திரும்ப வந்தாலோ ஆம்புலன்ஸ்.

மாத்திரை எடுத்துட்டுப் போறதுல ஒரு சின்ன விஷயம். மெடிக்கல்ல ரெண்டு நாளைக்கு நாலுன்னு கேட்டா அட்டையைக் கத்தரிச்சுக் குடுப்பாங்க, பேரும் எக்ஸ்பைரியும் மீதி அட்டையோட கடையிலயே நின்னுடும். வேற ஊர் ஆஸ்பத்திரியில "மஞ்ச கலர், பாதியா ஒடைச்சுப் போடுவேன்"னு சொன்னா அந்த டாக்டர் என்ன பண்ணுவார்? மருந்துச் சீட்டை ஃபோட்டோ எடுத்து உங்க ஃபோன்ல வெச்சா பத்தாது, ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க, ஒரு ஜெராக்ஸ் சட்டைப் பையில இருக்கட்டும், ஃபோன் லாக் ஆகியிருந்தாலும் கவுன்ட்டர்ல இருந்தாலும் அது கூட வரும். நாலே நாலு மிட்டாயும் அதே பையில. நெஞ்சு வலிக்கு நாக்கடியில வைக்கற மாத்திரை இருந்தா எந்தப் பாக்கெட்னு ஃப்ரெண்டுக்குத் தெரியணும், ஒக்கார வெச்சுட்டுத்தான் வைக்கணும், நிக்கறப்ப வெச்சா பிரஷர் எறங்கி விழுந்துடுவாங்க. இன்சுலின் பேனா, யூஸ் பண்ணிட்டு இருக்கறது, 30 டிகிரிக்குள்ள பொதுவா நாலு வாரம் தாங்கும், ரெண்டு நாளைக்கு ஃப்ரிட்ஜ் தேடி அலைய வேண்டாம். வெயில்ல நிக்கற கார் டேஷ்போர்டுலயும் ரூம் ஃப்ரீசர்லயும் மட்டும் வெச்சுடாதீங்க, ஃப்ளைட்டுன்னா கைப்பையில.

ரெண்டு டீச்சரம்மா, தோழிங்க, தஞ்சாவூர் போயிட்டு வந்தாங்க. ஒருத்தருக்கு சுகர் 14 வருஷம். பெரிய கோயில் பிரகாரத்துக் கல்லுல மத்தியான வெயில்ல வெறுங்கால்ல நடந்திருக்காங்க, கூட வந்தவங்க சூடு தாங்காம ஓடி நெழல்ல நின்னுட்டாங்க, இவங்க நிதானமா நடந்தே வந்திருக்காங்க. "எனக்கு ஒண்ணும் சுடலையே"ன்னு பெருமையா வேற சொல்லியிருக்காங்க. ரெண்டு உள்ளங்காலும் கொப்பளம், எனக்குக் காட்டும்போது மூணு நாள் ஆயிருந்துச்சு, ஆற ஏழு வாரம் ஆச்சு. கால்ல உணர்ச்சி கொறஞ்சவங்களுக்கு சுடறது தெரியாது. காலைல பத்து மணிக்குள்ள கோயிலை முடிச்சுக்கங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்ன ரெண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பாத்துக்கங்க.

அதே டீச்சரம்மாவுக்கு யூரின்ல இன்ஃபெக்ஷனும் இருந்துச்சு. எங்க போறதுன்னு தெரியலன்னு காலைல இருந்து தண்ணியே குடிக்கல. பெண்கள் ட்ரிப்னாலே இதுதான் நடக்குது, எனக்கு இதைப் பாத்தா ஆத்திரமாவே வரும், ஒரு ஊர்ல சுத்தமான கழிப்பறை கெடைக்காதுங்கற பயத்துல படிச்சவங்க நாள் பூரா நாக்கு வறண்டு நடக்கறாங்க. பாக்க வேண்டிய எடத்தை எழுதும்போதே நடுவுல எந்த ஹோட்டல்ல, எந்த மியூசியத்துல நிறுத்தம்னு சேத்து எழுதிடுங்க. வயித்தால போனா ஓ.ஆர்.எஸ். பாக்கெட், உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கறது, 20.5 கிராம் ஒரு லிட்டர் தண்ணியில. டெட்ரா பாக்கெட்ல இனிப்பா வர்ற ஜூஸுக்கெல்லாம் ஓ.ஆர்.எஸ்.னு பேர் வைக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு, பேரைப் பாத்து ஏமாறாம சுகர் இருக்கறவங்க லேபிளைப் படிச்சு வாங்குங்க.

அந்த ரெண்டு சிநேகிதர்களும் போன மாசம் திரும்ப வந்தாங்க, இந்தத் தடவை மைசூர். சென்ட்ரல்ல விடிகாலை ஆறு மணிக்குள்ள கெளம்பற வந்தே பாரத். ஃபைலைத் தூக்கிட்டு வந்தது சிநேகிதர். "அஞ்சு மணிக்கு வீட்ல இருந்து கெளம்பும்போதே மாத்திரை போட்டுடறேன்கறான் டாக்டர், ட்ரெயின்ல டிஃபன் எப்ப குடுப்பாங்கன்னு தெரியாதே, தட்டு கைக்கு வந்தப்புறம் போட்டா போதும்ல?"ன்னு கேட்டார். போதும்னு சீட்டுலயே எழுதிக் குடுத்தேன், அதை அவர் மடிச்சு தன்னோட சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.