நண்டு ஏன் உயிரோடு வர வேண்டும்?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வஞ்சிரமும் கொடுவாவும் ஐஸ்மேல் செத்துக் கிடப்பதை யாரும் குறை சொல்வதில்லை. சேற்று நண்டு மட்டும் உயிரோடு இருந்தாக வேண்டும். கயிற்றால் கட்டிய கொடுக்கு, அசையும் கண், வாயோரம் நுரை எல்லாம் இருந்தால்தான் கூடைப்பக்கம் குனிகிறோம். இது வெறும் பகட்டு இல்லை. காரணம் நண்டின் ஓட்டுக்குள் இருக்கிறது.

மேலோட்டைப் பிரித்தால் மஞ்சளும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஒன்று தெரியும். சிலர் ஆசையாக வழித்துச் சாப்பிடுவது அதைத்தான். நமக்குக் கல்லீரலும் கணையமும் செய்கிற வேலைகளில் பலவற்றை நண்டுக்கு அந்த ஒரே சுரப்பி செய்கிறது. புரதத்தைக் கரைக்கும் நொதிகள் அதில் நிறைய உண்டு. உயிர் இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். உயிர் போனதும் சுரப்பி சிதைந்து, நொதிகள் கசிந்து, பக்கத்திலுள்ள சதையையே செரிக்கத் தொடங்கிவிடும். பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். சிங்கப்பூர் வெக்கைக்குக் கேட்கவே வேண்டாம். சதை குழைந்து, அம்மோனியா நெடி ஏறிவிடும்.

சரி, இலங்கைக் களப்புகளிலிருந்து விமானம் ஏறி வரும் நண்டு தண்ணீர் இல்லாமல் எப்படிப் பிழைக்கிறது? அதன் செவுள்கள் மேலோட்டுக்குக் கீழே இரு பக்கமும் அறைகளுக்குள் இருக்கின்றன. அங்கே கொஞ்சம் தண்ணீர் தங்கும். வாய்ப்பக்கத்தில் ஒரு சிறு துடுப்பு ஓயாமல் அடித்து அதை ஓடவைக்கும். காற்று கலந்து நுரையாகும். செவுள் காயாதவரை காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்தே காலம் தள்ளிவிடும். அதனால் வேண்டியது ஈரத்துணியும் குளிர்ச்சியும்தான். பாவம் பார்த்து வாளித் தண்ணீரில் போடுபவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து மூச்சு முட்டிவிடும். நீலக்கால் நண்டுக்கு வெளியே தாக்குப்பிடிக்கும் இந்தத் திறன் குறைவு. அது பெரும்பாலும் ஐஸில் கிடப்பதற்கு அதுவே காரணம்.

உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. கொடுக்கை உடைத்தால் உள்ளே தண்ணீர் மட்டும் ஒழுகுகிற நண்டும் உயிரோடு துள்ளிய நண்டுதான். பௌர்ணமி நண்டு அப்படித்தான், அமாவாசைக்கு வாங்கு என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஆனால் ஒரே நாளில் ஒரே கூடையில் கனத்ததும் காலியானதும் கலந்துதானே கிடக்கின்றன? நிலா எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கூடைக்குள் இருக்கும் இந்த வித்தியாசத்துக்குப் பதில் தோலுரிப்பில் இருக்கிறது.

நண்டின் ஓடு வளராது. உடம்பு வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றுவதற்கு முன் பழைய ஓட்டுக்கு அடியில் மெல்லிய புது ஓடு உருவாகிவிடும். தடித்த கொடுக்குச் சதையை ஒல்லியான மூட்டு வழியே உருவ முடியாது என்பதால் அந்தச் சதை முன்கூட்டியே சுருங்கிக்கொள்கிறது. பிறகு பின்பக்கம் ஓடு பிளக்க, நண்டு பின்னோக்கி வெளியே வரும். வந்ததும் தண்ணீரை உறிஞ்சி உப்பும். புது ஓடு மெத்தென்று இருக்கும்போதே அதைப் பெரிதாக்கிக்கொள்ள இதுதான் வழி. அப்புறம் சுண்ணாம்புச் சத்து ஏறி ஓடு கெட்டிப்படுகிறது. வளரப்போகிற பிள்ளைக்கு அளவு கூடுதலாகச் சட்டை தைப்பதுபோல, ஓடு முதலில் வந்துவிடும், அதை நிரப்பும் சதை பல நாள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் பிடிபட்டதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்கி ஏமாறுகிறோம்.

ஆகவே கடையில் அக்காமார் நண்டைக் கவிழ்த்து, காலடிப் பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவதில் பெரிய அறிவியல் இருக்கிறது. அமுங்கினால் சுண்ணாம்பு இன்னும் முழுதாக ஏறவில்லை. ஓடு பளபளவென்று கீறலில்லாமல் இருந்தாலும் சந்தேகப்படலாம். மங்கி, தேய்ந்து, பாசியோ, கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரோ ஒட்டியிருந்தால் அந்த ஓட்டுக்கு வயதாகிவிட்டது, சதை நிரம்ப நேரம் கிடைத்திருக்கிறது. அழகான நண்டை எடுக்காதீர்கள் என்பதே என் கட்சி. ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். ஈரக் கயிற்றுக்கும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள், அதைக் கணக்கில் வையுங்கள். வயிற்று மடல் ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண், கொடுக்குச் சதை கூடுதல்; அகன்று வளைந்திருந்தால் முதிர்ந்த பெண், உள்ளே ஆரஞ்சு நிறச் சினை இருக்கலாம்.

பிடிப்பதும் இதே உடலை நம்பித்தான். நண்டின் சிற்றுணர்கொம்புகள் தண்ணீரை அடிக்கடி உதறி வாசனை பிடிக்கின்றன. நாறும் மீன் தலையைக் கட்டிய புபு என்ற பொறிக்கூண்டை நீரோட்டத்தில் போட்டால் அந்த வாடையைத் தொடர்ந்து உள்ளே நுழைந்துவிடும். குறுகிய வாய் வழியே திரும்பத் தெரியாது. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் சேற்று நண்டைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே பிடிக்க அனுமதி இல்லை.

சமைக்கும்முன் கொதிநீரில் உயிரோடு போடுவது எனக்குச் சம்மதமில்லை. நண்டுக்கு வலி உண்டென்று கருதப் போதிய சான்று இருப்பதாக 2021இல் லண்டன் பொருளியல் பள்ளி ஆய்வறிக்கை சொன்னது. மறு ஆண்டு பிரிட்டன் தன் விலங்குநலச் சட்டத்தில் நண்டையும் சேர்த்தது. ருசிக்காகப் பார்த்தாலும் நஷ்டம்தான்: அதிர்ச்சியில் நண்டு தன் கால்களைத் தானே உதிர்க்கும், சாறு வெளியேறும். நம் நண்டு வெப்பநாட்டுப் பிராணி, குளிரில் மந்தமாகிவிடும். ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து அதில் அசைவு முற்றிலும் நிற்கும்வரை வையுங்கள். அதற்கு நம்மைப்போல ஒரே மூளை இல்லை. முக்கியமான இரண்டு நரம்பு மையங்களில் ஒன்று கண்களுக்குப் பின்னால், மற்றொன்று வயிற்று மடலுக்கு அடியில். கூர்மையான கம்பியால் இரண்டையும் உடனே குத்திவிட வேண்டும். அப்புறம் ஓட்டைப் பிரித்து, செவுளைக் களைந்து, நேரே அடுப்புக்கு.

சூடேறியதும் சிவப்பது புதிய நிறமல்ல. அஸ்டாசாந்தின் என்ற சிவப்புச் சாயம் முன்பே ஓட்டில் உண்டு. புரதம் பிடித்து வைத்திருப்பதால் பச்சையும் பழுப்புமாகத் தெரிகிறது, வெந்ததும் புரதம் பிடியை விடுகிறது. மூட்டோரம் நீலம் தட்டினால் பயப்படாதீர்கள். நண்டு இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருக்கிறது, நீலம் அதனால்தான்.

சதையின் இனிப்புக்குக் கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள் காரணம். உப்புநீரின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க நண்டு அவற்றைச் செல்களுக்குள் சேர்த்து வைக்கிறது. அவை தண்ணீரில் எளிதில் கரையும். நிறைய நீரில் வேகவைத்து அதைக் கொட்டிவிட்டு மிளகு நண்டு செய்பவர்கள் ருசியில் பாதியைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். ஆவியில் வேகவையுங்கள், இல்லையென்றால் அந்த நீரிலேயே மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வையுங்கள்.